தில்லையம்மா கடைச் சாவி

அலோ... அலோ, மாமா... கேக்குதா? நான்தான் எழிலு, கடலூரு செம்மண்டலத்துலேர்ந்து... ஆமாமா, நானேதான். கொழுந்தியா கொரலு கூட மறந்துபோச்சா உங்களுக்கு?... ஐய, சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன் மாமா. மறந்துபோச்சான்னு கேட்டதுக்கு ஏன் இப்பிடிப் பதறுறீங்க?

நல்லா இருக்கேன்... அவரும் நல்லா இருக்காரு... ஆச்சு, இட்லிதான்... சரி சரி, அக்காகிட்ட குடுங்க போன... தூங்குறாளா? காலையில பத்து மணிக்கா? அக்காவா?... பகல்ல தலையணைய கண்ணெடுத்துப் பாக்க மாட்டாளே அவ. ஒடம்பு கிடம்பு சரியில்லயா?... நல்லாத்தான் இருக்காளா. அப்பச் சரி.

அப்ப நீங்களே சொல்லுங்க. என் ரவிக்கை என்னாச்சு?... ரவிக்கை மாமா, ரவிக்கை. ரெண்டு குடுத்துட்டு வந்தேன், மாம்பழக் கலர் பட்டுக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழம மங்கலம்பேட்டையில கல்யாணம், என் நாத்தனார் பொண்ணுக்கு. உங்களுக்கும் பத்திரிக வந்திருக்குமே... ஆமா, அதான். நேத்து எங்க ஊட்டுக்காரரு சிதம்பரம் போனாரு, வடக்கு வீதியில அக்கா கடைய எட்டிப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புனேன். கடை பூட்டிக் கெடக்குதாம். பக்கத்து வளையல் கடைக்காரம்மா, பத்து நாளாவே பூட்டுத்தான்னு சொல்லிச்சாம். என்னா மாமா, கடைக்கு லீவு உட்டுட்டு ரெண்டு பேரும் ஊட்டி கீட்டி போயிட்டு வந்தீங்களா? போனாத் தப்பில்ல, ரிட்டயரு ஆனவருதான. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல...

என்னாது?

இல்ல, இருங்க. இன்னொரு தபா சொல்லுங்க... கடையக் காலி பண்றீங்களா?... நாளைக்கேவா?... யாரு, கடைய வாடகைக்கு உட்ட ரூம்புக்காரரு ஊட்டுக்கே வந்து சாவிய வாங்கிக்கிறாரா... மிஷினு?... அதையும் யாருக்கோ பேசியாச்சா? மாமா, என்னா சொல்றீங்க நீங்க? அக்கா பேருலயே தில்லையம்மா டெய்லருன்னு போர்டு மாட்டி, ஊருல பாதிப் பொம்பளைங்க அங்கதான தைக்கிறாங்க... மெட்ராசுக்கா? திங்கக்கிழமயா? செம்பியன் கூப்புட்டானா?... அவன் கூப்புடல, நீங்களா போறீங்க. புள்ளைக்கே இன்னும் தெரியாது. நல்லா இருக்குது. போன தீவாளிக்கு அவன் ஊட்டுல ரெண்டு ராத்திரி இருந்துட்டு, லிப்டுல மூச்சு முட்டுதுன்னு பொட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனவருதான நீங்க?

என்னா ஆச்சு மாமா?... கொரல எறக்கிப் பேசுனா எனக்குக் கேக்காது... ஓ, அவ காதுல உழக்கூடாதா. சரி, மாடிக்குப் போங்க, நான் லைன்லயே இருக்கேன்... மெதுவா ஏறுங்க, என்னா அவசரம்... இப்பிடி இரைக்குது? பிரஷரு மாத்திர போடுறீங்களா இல்லயா?... மறந்துட்டீங்களா. எத்தினி நாளா?... சரி, அத அப்பறம் வச்சுக்கறேன். மொதல்ல இத சொல்லுங்க.

ம்... ம்... கேம்பா? கண்ணு கேம்பா?... ஞாபக சக்திக்கு கேம்பா? அதுக்கெல்லாம் கூட கேம்பு போடுறாங்களா இப்ப!... கல்யாண மண்டபத்துல. சரி... வயசானவுங்க யாரு வேணா போலாம். ரெண்டு பேருமே போனீங்களா... எத்தினி மார்க்கு உங்களுக்கு?... முப்பதுக்கு இருபத்தெட்டா! யப்பா, பஸ்ஸுல செக்கிங் பண்ண மூளைன்னா சும்மாவா. தெருவுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தீங்களா?...

ம்... அக்காவுக்கு?

...ஐயோ.

மாமா, நம்ம அக்காவுக்கா? வேற யாரு பேப்பராச்சும் மாறியிருக்கும்... இல்லயா... மறதி நோயி ஆரம்பமா இருக்கலாம், பெரிய டாக்டர பாருங்கன்னு சொல்லிட்டாங்க. ம்... பாத்தீங்களா?... ஏன் பாக்கல?... மாமா?... பயமா?... சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. பயமாத்தான் இருக்கும். அக்கா நம்மள மறந்துட்டா நாம என்னா மாமா பண்ணுவோம்... சரி, இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ம், இப்பச் சொல்லுங்க. டாக்டருகிட்ட போவாம என்னா பண்ணீங்க?... நீங்களே வைத்தியம் ஆரம்பிச்சுட்டீங்களா. யாரு சொல்லிக் குடுத்தா?... வாட்ஸப்பு. நெனச்சேன். ம்... ஊற வச்ச பாதாம் காலையில... வால்நட்டு... ம்... காலையில வல்லாரைச் சட்டினி... மத்தியானம் வல்லாரைச் சாதம்... ராத்திரிக்கு? வல்லாரை தோசையா? மாமா, நீங்க வைத்தியம் பண்றீங்களா இல்ல ஆட்டுக்குட்டி வளக்குறீங்களா?... சிரிக்கல, சிரிக்கல. காப்பி?... காப்பிய நிறுத்திட்டீங்களா? அக்காவுக்கா? அடப்பாவமே, காப்பி குடிக்கலன்னா காலையில எனக்கு எம்பேரே ஞாபகம் வராது!

ம்... விடியக்காலத்துல எழுப்பி மாடியில நடக்க உடுறீங்க. நல்லதுதான், நடக்கட்டும். ஏன் மாடியிலயே சுத்தறா, ரோட்டுல நடந்தா என்னா?... தொலஞ்சுபோயிடுவாளா? எங்க, கீரப்பாளையத்துலயா? அங்க தொலையணும்னு ஆசப்பட்டாலும் தொலைய முடியாது மாமா. எங்கம்மா போற, எதுக்கும்மா போறன்னு கேட்டு ஊடு வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டுப் போவாங்க... அவ வண்டி?... ஸ்கூட்டி சாவியும் உங்க கையில. கடைச் சாவியும் உங்க கையில. ம்.

யாரு சமைக்கறா?... நீங்களா! நெசமாவா?... கேஸ அணைக்க மறந்துடுவான்னு. சரி, இதுவரைக்கும் எத்தினி தபா மறந்தா?... ஒரு தபா கூட மறக்கல. நீங்க?... பால பொங்க உட்டீங்களா. முந்தாநாளும்... நேத்தும். ம், ம். வேற யாரு வரா போறா ஊட்டுக்கு?... பக்கத்து ஊட்டு சவரியம்மா வந்தா கூட, ஓய்வெடுக்கறான்னு வாசலோட திருப்பி அனுப்பிடுறீங்களா? அந்தம்மாவும் அக்காவும் ஒரு நாளு பேசலன்னா ரெண்டு பேருக்குமே சோறு எறங்காதே மாமா.

காலையில வேற என்னா? கேள்வி கேக்குறீங்களா? என்னா கேள்வி?... தேதி என்னா, கிழம என்னா, நூறுலேர்ந்து ஏழ ஏழா கழி... அதுவும் காப்பி குடிக்காதவள. மாமா, நீங்க பஸ்ஸுல ஏறுனாலே, டிக்கெட்டு வாங்கி பத்திரமா வச்சிருக்கறவனுக்குக் கூட வேர்த்துக் கொட்டும், பாக்கெட்ட தடவுவான். ரிட்டயரு ஆயும் செக்கிங்க உடலயா நீங்க? படுக்கையிலேர்ந்து எழுந்ததும் எதுருல நின்னு கேட்டா, தெரிஞ்சவளுக்கும் மறந்துதான் போவும்... இன்னிக்கு கிழமையத் தப்பாச் சொன்னாளா? என்னான்னு சொன்னா?... வியாழக்கிழமன்னா? இன்னிக்கு என்னா கிழம?... புதனா? மாமா, இன்னிக்கு வியாழக்கிழமதான்! காலண்டர கிழிச்சீங்களா நீங்க?... போயி கிழிங்க மொதல்ல. கேள்வி கேக்கறவருக்கே விடை தெரியல.

இல்ல மாமா, கோச்சுக்காதீங்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மூள நல்லா இருக்கணும்னா நல்லா நடக்கணும், கீர காயி மீனு சாப்புடணும், பிரஷரு சக்கரைய ஒழுங்கா வச்சுக்கணும், ராத்திரி தூங்கணும், நாலு பேருகிட்ட பேசணும், கையில ஒரு வேல இருக்கணும்னுதான எல்லா டாக்டரும் சொல்றாங்க? அக்கா இத்தினி வருசமா அதத்தான பண்ணிக்கிட்டிருந்தா? கடைக்குப் போவா, வாயடிப்பா, கணக்குப் போட்டு வெட்டுவா, தைப்பா, வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. அத்தினியும் புடுங்கிக்கிட்டு கையில ஒரு கிண்ணம் பாதாம குடுத்து சோபாவுல உக்கார வச்சிருக்கீங்க. நல்லா இருக்கறவளுக்கே மண்ட கொழம்பும்...

கோவமா மாமா?... சரி, நீங்க கெட்டது நெனச்சு பண்ணீங்களா என்னா. எனக்குத் தெரியாதா.

வேற என்னாத்த மறந்தா, அதச் சொல்லுங்க... பேரு வர மாட்டேங்குதா? என்னா பேரு?... ஊரு பேரா? எந்த ஊரு?... வேலூரா?... நீங்க என்னா கேட்டீங்க அவள?... உங்க பொண்ணு அருள்மொழி எந்த ஊருல இருக்கான்னு கேட்டீங்க. ம்... கோட்டை இருக்குற ஊருன்னா... நாலு தபா திருப்பித் திருப்பிக் கேட்டும் கோட்டை இருக்குற ஊருன்னே சொன்னா. வேலூருன்ற வார்த்த வரவே இல்ல...

இல்ல மாமா, சிரிக்கல. இருமலு... சரி, சிரிக்கிறேன். ஐயோ, இருங்க, கண்ணுல தண்ணி வருது... இல்ல, உங்கள பாத்துச் சிரிக்கல. உங்கள நெனச்சுத்தான் சிரிக்கிறேன்.

மாமா, ஒண்ணு கேக்குறேன். அக்கா என்னிக்காச்சும் வேலூர வேலூருன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?... யோசிங்க. இருபத்தெட்டு மார்க்கு மூள, நல்லா யோசிங்க... கேட்டதில்லல்ல? சரி. செம்பியனுக்கு மொட்ட போட பழனிக்குப் போனோமே, அத அக்கா என்னான்னு சொல்லுவா?... ஆங்! மொட்ட போட்ட ஊரு. பஞ்சாமிர்தத்த கூட மொட்ட போட்ட ஊரு பஞ்சாமிர்தம்னுதான் சொல்லுவா. ஏன்னு தெரியலயா?... உங்க பேரு என்னா மாமா?... அட சொல்லுங்க, உங்க பேர நீங்க சொன்னாத் தப்பில்ல... பழனிவேலு. முன்னாடி பழனி, பின்னாடி வேலு. இப்பப் புரியுதா?...

ஆமா! அதேதான்! புருசன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு அவ காதுல சொல்லி அனுப்பிச்சுது. எனக்கும்தான் சொல்லிச்சு, நான் கேக்கல. நாளு பூரா அய்யனாரு அய்யனாருன்னுதான் கூப்புடுறேன். எங்க ஊட்டுக்காரருக்கு ஆயுசு ஒண்ணும் கொறையல, காதுதான் கொறஞ்சுபோச்சு. அக்கா அப்பிடியில்ல. உங்க பேருல பாதி இருந்தா கூட அந்த வார்த்தைய நாக்குல வைக்க மாட்டா... பேரு சொல்ல மாட்டான்னு தெரியும், ஊரையும் சேத்து உட்டுட்டான்னு தெரியாதா? இத்தினி வருசம் ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு இது தெரியல. இப்பச் சொல்லுங்க, யாருக்கு மாமா மறதி?

இருங்க... மாமா, அந்த மண்டபத்துல என்னா என்னா கேட்டாங்க?... தேதி... கடிகாரம் வரையச் சொன்னாங்க... ஒரு விலாசத்த சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. விலாசம்னா? பேரு, தெரு, ஊரு எல்லாம் சேத்தா?... உங்களுக்கு என்னா பேரு சொன்னாங்க?... அருள்முருகன். சரி. அக்காவுக்கும் அதேதானா?... அவ வேற டேபிள்ல உக்காந்தா, உங்களுக்குத் தெரியாது. நீங்க அவகிட்ட கேக்கலயா?... கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு மூஞ்ச திருப்பிக்கிட்டா. அதுக்கப்பறம் கேக்க உங்களுக்குத் தைரியம் வரல...

மாமா, கீழ எறங்கிப் போயி போன அவகிட்ட குடுங்க... தூங்குனா எழுப்புங்க... எழுப்புங்க மாமா! பாத்து எறங்குங்க, கைப்பிடியப் புடிச்சுக்கங்க...

அக்கா... ஆமா, நான்தான். எழுப்பிட்டாரா?... தூங்கவே இல்லயா? கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தியா? எதுக்கு?... எழுந்தா பாதாம் குடுப்பாருன்னா! ஐயோ அக்கா... அவரு பக்கத்துல நிக்கிறாரா?... ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பு... வெந்நி போட்டுக் குடுங்கன்னு கேளு, ஓடுவாரு... போயிட்டாரா? சரி.

என்கிட்ட மட்டும் சொல்லு. மண்டபத்துல உனக்கு ஒரு விலாசம் சொன்னாங்களே, அதுல யாரு பேரு இருந்துச்சு?... சிரிக்காம சொல்லு... அக்கா!... அவரு பேரா? அப்பிடியே முழுசா அவரு பேரேவா?... நெனச்சேன்! கோட்டை ஊருன்னு சொன்னப்பவே நெனச்சேன்!... ம்... நீ என்னா பண்ண?... வேற பேரு சொல்லும்மான்னு கேட்டியா... அந்தப் பொண்ணு மறுபடியும் அதையே சொல்லிச்சு... நீ முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிச்ச... மூணாவது தபாவும் அதையே சொல்லிச்சு, நீ தலையக் குனிஞ்சுக்கிட்ட. அப்பறம்?... மிச்சக் கேள்விக்கும் வாயத் தொறக்கலயா? வெக்கத்துலயா?... அதுசரி. அந்தப் பொண்ணு பாவம், சின்னப் பொண்ணு, வெளிய கூட்டம் வேற நிக்கிது, அதுக்கு உன் சங்கதி என்னா தெரியும்? வரிசையா முட்டை போட்டு அனுப்பிடுச்சு.

பேர உடு, மிச்ச விலாசம் ஞாபகம் இருக்குதா?... சொல்லு பாப்போம்... அடிப்பாவி! கதவு நம்பருலேர்ந்து பின்கோடு வரைக்கும் ஒப்பிக்கிற! இதச் சொல்லியிருந்தா உங்க ஊட்டுக்காரர உட மார்க்கு ஜாஸ்தி வாங்கியிருப்ப.

ஏன்க்கா அவருகிட்ட சொல்லல?... வெக்கம், சரி. அது மொத நாளு. அப்பறம்?... அக்கா?... என்னா சிரிப்பு?... தேங்கா துருவுனாரா? யாரு, மாமாவா? தட்டு கழுவுனாரா!... ஐய, திருடி! கல்யாணம் ஆனதுலேர்ந்து குடிச்ச தம்ளர எடுத்து வைக்காத மனுசன் ஓடி ஓடி செய்யவும், ரெண்டு நாளு உக்காந்துதான் பாப்போமேன்னு இருந்துட்ட. உன் எடத்துல நான் இருந்தா ஒரு மாசம் இழுத்திருப்பேன்.

ம்... அப்பறம்?... ம்...

அக்கா, அழுவாத. சொல்லிட்டு அழு... நெசமாவே மறக்குதா? என்னா மறக்குது?... நேத்து என்னா சாப்புட்டன்னு தெரியலயா? அக்கா, நேத்தும் வல்லாரை, முந்தாநாளும் வல்லாரை. அதுல எது நேத்து எது முந்தாநாளுன்னு யாருக்குத் தெரியும்? எனக்கும்தான் தெரியாது... ம்... அவரு மூஞ்சில இருக்கற பயத்தப் பாத்து உனக்கும் பயம் ஒட்டிக்கிச்சு. அவ்ளோ பெரிய மனுசன் பயப்படறாரே, அப்ப நெசமாவே நமக்கு ஏதோ வந்துடுச்சு போலருக்குதுன்னு... ம்... ராத்திரி அவரும் தூங்கறதில்லயா?... கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரா...

இரு, நானும் கண்ணத் தொடச்சுக்கறேன்.

சரி, மூக்க சிந்து. நான் ஒரு கேள்வி கேக்குறேன், மாமா கேக்கற மாதிரி இல்ல. என் ரவிக்கைக்கு என்னா சொல்லிட்டு வந்தேன்?... பட்டுக்கு முழங்கை வரைக்கும்... பச்சைக்குக் கை குட்ட... ஆமா, முதுகுல நாடா வேணாம்னு சொன்னேன்... கொக்கி முன்னாடி... ஆமா... போன தபாவ உட இடுப்புல ரெண்டு இஞ்சு ஜாஸ்தியா? அத எதுக்கு இவ்ளோ சத்தமா சொல்ற? மறதின்னு ஒண்ணு வந்திருந்தா அது மொதல்ல மறந்திருக்கக் கூடாதா? அவ்ளோதான் அக்கா. உனக்கு ஒரு மறதியும் இல்ல. என்னா, ஒரு நல்ல டாக்டரையும் பாத்துடுவோம், அது தப்பில்ல. அடுத்த வாரம் ரெண்டு பேரும் கடலூரு வாங்க. நான் கூட வரேன். துறைமுகத்துலேர்ந்து மீனு வாங்கி கொழம்பு வைக்கிறேன். காப்பியும் உண்டு.

அக்கா, கடை விசயம் உனக்குத் தெரியுமா?... நாளைக்கு ரூம்புக்காரருகிட்ட சாவியக் குடுக்கப் போறாரு... சொல்லவே இல்லயா உன்கிட்ட?... மிஷினையும் சேத்துத்தான். திங்கக்கிழம மெட்ராசு... என்னா, நேரா அவரையே கேக்கப் போறியா?...

அவரக் கூப்புடு. கூப்புட்டு போன ஸ்பீக்கருல போடு... பச்ச பட்டன் இல்ல... அதுவும் இல்ல, செவப்பு, அய்யோ அத அமுக்காத, கட்டாயிடும்!... ஆங், கேக்குது, கேக்குது.

மாமா, வந்தீங்களா? வெந்நிய கீழ வச்சுட்டு கேளுங்க. அக்காவுக்குச் சொன்ன விலாசத்துல இருந்தது உங்க பேரு. ஆமா, உங்க பேருதான். அவளுக்கு மறக்கல. சொல்லக்கூடாதுன்னு சொல்லல... நம்பலயா? அவளுக்காக நான் பொய் சொல்றேனா? இப்ப அந்த விலாசத்த ஒப்பிச்சாளே, மாமா!... பேரு?... பேர மட்டும் சொல்லல, ஆமா... சரி, நீங்களே கேளுங்க அவள.

என்னாக்கா, மாட்டேங்குறியா? சொல்லேன், ஒரே ஒரு தபா... ஆயுசு ஒண்ணும் கொறையாது. அறுவத்தாறு வயசு ஆயிடுச்சு அவருக்கு, இனிமே கொறஞ்சா என்னா... சரி, அப்பிடிச் சொல்லக்கூடாது, வாபஸ்.

மாமா, என்னா சொன்னீங்க இப்ப?... அவ உங்கள மறந்துட்டா அப்பறம் ஆயுசு எதுக்கா? என்னா மாமா இது... செக்கிங்குக்கு நீங்க ஏறுனா பஸ்ஸே கம்முனு ஆயிடும். அந்த மனுசன் பேசற பேச்சா இது... அக்கா, கேட்டியா? நீயும் அழுவுறியா. ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான்.

மாமா, கடையக் காலி பண்ண வேணாம். சரியா?... யோசிக்காதீங்க. ரூம்புக்காரருக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க... அக்கா எங்க போறா?... என்னாத்த உருட்டுறா?... ஆணியில சாவிய தேடுறாளா? எடுத்துக் குடுங்க மாமா. எங்க ஒளிச்சு வச்சீங்க?... சாமி படத்துக்குப் பின்னாடி இல்லயா? பீரோவுல?... அங்கயும் இல்லயா? அப்பறம் எங்கதான் வச்சீங்க?...

மறந்துட்டீங்களா! மாமா! நீங்களேவா!

அக்கா, பொறும, கத்தாத, அவரு தேடுறாரு, கொஞ்சம்...

...ஐயோ.

அக்கா!

மாமா, கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு! பழனியும் வந்துச்சு, வேலும் வந்துச்சு, முழுப் பேரும் வந்துச்சு! தெருவுல போறவுங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்! அக்கா, இத்தினி வருசமா சேத்து வச்சு, கடைசியில சாவி எங்கன்னு கேக்கறதுக்கா அந்தப் பேர எடுத்த?... போச்சு, இப்ப வாயப் பொத்திக்கிட்டு என்னா பண்றது, சொன்னது சொன்னதுதான்.

மாமா?... அலோ, மாமா?... சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?... ரெண்டுமா?... இன்னொரு தபா சொல்லச் சொல்றாரு பாரு! ஆயுசு போனாப் போவுதாம்!... சொல்லுக்கா, ஆசப்படுறாருல்ல...

எங்க இருக்குது? கெடச்சுதா?... பாதாம் டப்பாவுக்குள்ளயா! நேராப் போயி அதத் தொறந்தாளா? இவரு எத எங்க வைப்பாருன்னு இவரு மறந்தாலும் அவளுக்குத் தெரியுது பாருங்க... மாமா, ஸ்கூட்டி சாவியும் குடுத்துடுங்க. ஹெல்மெட்டு போட்டுக்கச் சொல்லுங்க. நீங்களும் பின்னாடி உக்காந்து போங்க, கடையக் கூட்டிக் குடுங்க. பிரஷரு மாத்திரைய போட்டுட்டுப் போங்க... மாமா?

அலோ... அக்கா?... கேக்குதா?... கதவப் பூட்டற சத்தமா அது?... அலோ, போன அங்கயே வச்சுட்டுப் போறீங்க ரெண்டு பேரும்... வண்டி ஸ்டார்ட் ஆவுது... மாமா... அக்கா...

சரிதான். ஞாபக சக்தி நல்லா இருக்குதுன்னு இவ்ளோ நேரம் சொல்லிட்டு, என்ன சுத்தமா மறந்துட்டீங்க.

பரவால்ல, மறந்துட்டே போங்க. ரவிக்கை மட்டும் ஞாயித்துக்கிழமைக்கு... அதுவும் பரவால்ல. நான் பழசப் போட்டுக்கிட்டுப் போறேன். வச்சுடுறேன்.